ஏறிய கியரில் இறங்கு: ஒரு சின்னக் காரோடு மலைநாட்டில் 16 வருடம்

இலங்கை மலைநாட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயத்திலிருந்து (தொழிலாளரின் வரிசை வீடுகள்) தார் வீதிக்கு இறங்க மூன்று கிலோமீற்றர். அதில் பாதி, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கருங்கல் பதித்த பாதை. மழைக்கு மழை கல் பெயர்ந்து கிடக்கும். 2009-ஆம் ஆண்டில் அம்மா மாதா மாதம் டிக்கோயா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகவேண்டி வந்தது. நாற்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அந்தப் பாதையில் ஓட்டோவின் குலுக்கலைத் தாங்கவில்லை. போய் வந்தால் இரண்டு நாள் படுக்கை. “வருத்தத்தைவிட மருந்துக்குப் போகிற வழிதான் என்னைக் கொல்கிறது” என்று ஒருநாள் சொன்னார். அன்று இரவே நானும் மனைவியும் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

இருவருமே ஆசிரியர்கள். வங்கிக் கடன், மனைவியின் காப்பு இரண்டு அடகு, முடிகிற நிலையில் இருந்த ஒரு சீட்டு, எல்லாம் சேர்த்து 5 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது 1998-ஆம் ஆண்டின் மாருதி 800. வெள்ளை நிறம், நான்கு கியர், காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் பூட்டிய பழைய வகை இயந்திரம். எனக்கு முன்னே மூன்று பேரின் கை மாறியிருந்தது. விற்றவர் நன்றாகக் கழுவி, மெருகு தேய்த்து, உள்ளே புது விரிப்புப் போட்டுக் கொடுத்தார். அந்தப் புது விரிப்பைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம், ஜூன் மழையில், பின்னால் உட்கார்ந்திருந்த மகளின் சப்பாத்து நனைந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கீழே கறுப்புத் தார் போலப் பூசியிருந்தார்கள். திருகாணிமுடுக்கியின் நுனியால் மெல்ல அழுத்தினேன். பிஸ்கட் போல உடைந்து, ஓட்டை வழியே எங்கள் வாசல் சிமெந்து தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லை. ஓட்டை அடைக்கும் பட்டிப் பசையும் தாரும்தான் தரையாக இருந்தன. அதை வெட்டி எடுத்துத் தகடு வைத்து ஒட்ட, அந்தக் காலத்தில் எனக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. இந்தக் குற்றத்தை நான் கார் மீது போடவில்லை. இங்கே வருடத்தில் பாதி நாள் மழை, மீதியில் பாதி பனிமூட்டம். ஈரச் சேறு அடியில் ஒட்டிக் காயாமலே கிடந்தால் எந்தத் தகடும் துருப்பிடிக்கும். துரு வந்ததில் தவறில்லை. அதை மூடி விற்றதுதான் தவறு. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை வண்டியின் அடியைக் கழுவுகிறேன். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஈர்க்குச்சியால் குத்திவிடுவேன். அந்தத் துளை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அழுகும். இந்த இரண்டு வேலைக்கும் காசு தேவையில்லை.

வாங்கும்போது அதைச் செய்த கம்பனியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. மாருதி என்ற பெயரை வைத்து இந்திய வண்டி என்று நினைத்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, ஜப்பானின் சுசுகி கம்பனி. அதைப் பற்றிப் பின்னாளில் தேடிப் படித்தபோது, அந்த வண்டி மீது எனக்கு இருந்த மதிப்பு கூடியது.

சுசுகி தொடங்கியது தறியில். ஜப்பானில் ஹமமட்சு ஊர்ப் பக்கம் பருத்தி விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர் மிச்சியோ சுசுகி. தச்சு வேலை பழகியவர். அம்மா நெய்வதற்காக ஒரு மிதிதறியைச் செய்து கொடுத்தார்; அது பழைய தறியைவிடப் பல மடங்கு வேகமாக நெய்தது. ஊரார் தங்களுக்கும் கேட்டார்கள். 1909-இல் பட்டறை, 1920-இல் கம்பனி. 1930 வாக்கில் சாரம் நெய்வதற்கென்றே ஒரு தறி செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவின் உடம்பு நோகாமல் இருக்க ஒரு மகன் செய்த பொருளில் தொடங்கிய கம்பனி என்று தெரிந்தபோது, நான் எதற்காகக் கார் வாங்கினேன் என்பதை நினைத்துச் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தறி வியாபாரம் சரிந்தது. 1952-இல் சைக்கிளில் பொருத்தும் 36 சிசி இயந்திரம் ஒன்றை விற்றார்கள். பெயர் பவர் ஃப்ரீ. இயந்திரத்தோடு சேர்ந்தும் மிதிக்கலாம், இயந்திரத்தை விட்டுவிட்டும் மிதிக்கலாம், மிதிக்காமலும் போகலாம். 1954-இல் கம்பனியின் பெயரில் மோட்டார் சேர்ந்தது. 1955-இல் சுசுலைட் என்ற முதல் கார் வந்தது: 360 சிசி, முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. அதை விற்பனைக்குக் கொண்டுவருமுன் மாதிரி வண்டிகளை ஹகோனே மலைப்பாதை ஏற்றி டோக்கியோவரை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வழி நெடுகத் தடங்கல். கார் வியாபாரத்தில் பேர்பெற்ற ஒருவரிடம் காட்டுவதற்காகப் போனவர்கள், இரவு வெகு நேரம் கழித்தே போய்ச் சேர்ந்தார்கள். அவர் காத்திருந்து ஓட்டிப் பார்த்து நன்று என்றாராம். மலை ஏறித்தான் அந்த வண்டி பெயர் வாங்கியது.

ஜப்பானில் கெய் என்று ஒரு வகை உண்டு. நீளம், அகலம், இயந்திர அளவு எல்லாவற்றுக்கும் அரசாங்கம் உச்ச வரம்பு வைத்து, அதற்குள் அடங்கும் வண்டிகளுக்கு வரியில் சலுகை கொடுத்தது. இயந்திர வரம்பு 1955-இல் 360 சிசி, 1976-இல் 550, 1990-இல் 660. இந்தச் சிறு எல்லைக்குள் வாழப் பழகிய கம்பனி சுசுகி. 1978-இல் தலைவரான ஒசாமு சுசுகி அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்து அதன் பெயரை ஏற்றவர். அடுத்த வருடமே ஆல்ட்டோ காரை 4 இலட்சத்து 70 ஆயிரம் யென் விலைக்குக் கொண்டுவந்தார். அந்த நாளில் அது அதிரவைத்த விலை. பயணிகள் காருக்கான வரியைத் தவிர்க்கச் சரக்கு வாகன வகையில் பதிவாகும்படி அமைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் அவர் ஐந்து சொற்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம்: சிறிது, குறைவு, இலேசு, குறுக்கம், அழகு. 1982-இல் இந்திய அரசாங்கத்தோடு ஒப்பந்தம், 1983 டிசம்பரில் மாருதி 800. அந்த வண்டி 2014 ஜனவரிவரை உற்பத்தியில் இருந்தது. ஒசாமு சுசுகி 2024 டிசம்பர் 25 அன்று தமது 94-ஆவது வயதில் காலமானார்.

அந்த ஐந்து சொற்களில் மலைநாட்டானுக்கு முக்கியமானது இலேசு. என் வண்டியின் எடை ஏறக்குறைய 650 கிலோ. வலு 37 குதிரைத்திறன். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கவேண்டிய பாரமும் குறைவு. அதனால்தான் கினிகத்தேனையிலிருந்து வட்டவளைவரை மூச்சு வாங்காமல் ஏறுகிறது. ஆனால் அந்த இலேசுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஐந்து பெரியவர்கள் ஏறினால் 300 கிலோ; வண்டியின் எடையில் பாதி. பெரிய வாகனம் ஒன்றுக்கு இரண்டு ஆள் கூடினால் தெரியாது. இந்த வண்டியின் குணமே மாறிவிடும். ஹட்டனில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னார்: “மாஸ்டர், இது உங்களை ஒருநாளும் கைவிடாது. நீங்கள் இதன் முதுகில் மூட்டை ஏற்றாமல் இருந்தால் போதும்.”

அவர் சொன்னதை நான் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன். அதற்கான கூலி 2010 ஏப்ரலில் கிடைத்தது.

புத்தாண்டு விடுமுறை. நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம். அம்மா, மனைவி, மகள், மனைவியின் தங்கை, நான். திரும்பும் வழியில் கண்டியில் ஒரு வீட்டுக்கும் போகவேண்டும் என்று, வெறுங்கையோடு போகலாமா என லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் வாங்கிப் பின்னால் அடைத்தோம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. இடையில் லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை என்று வளைவுக்கு மேல் வளைவு. பின்னால் வந்த வேன்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தன. அவர்களுக்கு வழிவிடாமல் வேகமாகப் போகவேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம். நான்காம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்கினேன்.

லபுக்கலையைத் தாண்டிச் சில கிலோமீற்றரில் ஒரு வாசனை. கருகிய ரப்பரும் காய்ந்த மீனும் கலந்தது போல. அம்மாதான் முதலில் சொன்னார். தோட்டத்து லொறி ஏதாவது முன்னால் போயிருக்கும் என்றேன். இரண்டு வளைவு தாண்டியது. அடுத்த வளைவில் பிரேக்கில் கால் வைத்தபோது, பஞ்சு மூட்டையில் மிதித்த மாதிரி மிதி உள்ளே போனது. வண்டி குறையவில்லை. இடப்பக்கம் பள்ளம், கீழே அருவிச் சத்தம். மூன்றாம் கியருக்கு மாற்றினேன், இயந்திரம் அலறியது. பிரேக்கை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தபோது கொஞ்சம் பிடித்தது. இரண்டாம் கியர், கூடவே கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தேன். வலப்பக்கம் மண்மேட்டோரம் ஒரு சோளம் விற்கும் கொட்டகை இருந்தது; எதிரே வாகனம் வராத ஒரு கணத்தில் அங்கே ஒதுக்கி நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை. மனைவியின் தங்கை தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு ஓடினாள். சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஐயா, “ஊற்றாதே பிள்ளை, ஊற்றாதே!” என்று கத்தினார். சூடான இரும்புத் தட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிவிடும், வெடித்தாலும் வெடிக்கும். தானாக ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். அந்த முக்கால் மணி நேரமும் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்க முடியாதது.

என்ன நடந்தது என்று பிறகு விளங்கியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூடு குறையும். தொடர்ந்து மிதித்தால் சக்கரத்திலிருந்து சூடு ஏறி எண்ணெய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதி உள்ளே போகிறது, பிரேக் பிடிப்பதில்லை. என் வண்டியில் எண்ணெய் எத்தனை வருடப் பழையது என்று நான் கேட்டதே இல்லை. மாற்றியபோது வடிந்தது வெறும் தேயிலைச் சாயம். புதிய எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றுகிறேன்.

அந்த இரவு கோத்தகிரியிலுள்ள மச்சானோடு தொலைபேசியில் பேசினேன். என் மாமா, தோட்டத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964-ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கடவுச்சீட்டுக் கிடைத்துக் குடும்பத்தோடு கப்பல் ஏறி, நீலகிரியில் போய் இறங்கியவர். மச்சான் அங்கே வாடகை வண்டி ஓட்டினார். அவரிடமும் இதே மாருதி 800. இரண்டு மலையில் பிரிந்து கிடக்கும் ஒரு குடும்பத்தில் இரண்டு பேரிடம் ஒரே வண்டி. நான் நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் அவர் கேட்டார்: “எந்தக் கியரில் இறங்கினீர்கள்?” நான்காம் கியர் என்றேன். “மாப்பிள்ளை, ஏறிய கியரில் இறங்குங்கள். எங்கள் மேட்டுப்பாளையம் பாதையில் வண்டி பழகுகிறவனுக்கு முதல் பாடமே அதுதான்.”

அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். ஒரு மேட்டை இரண்டாம் கியரில்தான் ஏற முடியும் என்றால், இறங்கும்போதும் இரண்டாம் கியர். சக்கரம் இயந்திரத்தைச் சுற்ற, அந்த இழுவையே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் ஒரு முறை உறுதியாக மிதித்து, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். மெல்ல மிதித்தபடியே இறங்குவதுதான் சூட்டுக்குக் காரணம். பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு, இடம் கிடைத்த முதல் வாய்ப்பில் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கார்புரேட்டருக்குப் பதில் பெற்றோலை அளந்து பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இறங்கும்போது பெற்றோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இயந்திரம் ஓடப் பெற்றோல் குடிக்கும். ஆபத்தையும் வாங்கி, மிச்சமும் இல்லை.

உயரத்தைப் பற்றி இன்னொன்று. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். மூச்சுக் காற்று குறைந்தால் இயந்திரத்தின் வலுவும் அதே அளவுக்குக் குறையும். என் 37 குதிரை அங்கே 30 குதிரைதான். கீழ்நாட்டு வெயாங்கொடையில் ஓட்டிப் பார்த்து நன்றாக இழுக்கிறது என்று வாங்கிய வண்டி நானுஓயா ஏற்றத்தில் திணறினால், இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்குக் காற்று குறைந்தாலும் பெற்றோல் அதே அளவு போகும்; புகை கறுக்கும், பிளக் கரிபிடிக்கும். மலையில் வாழும் வண்டியை மலையிலேயே டியூன் செய்யக் கொடுங்கள்.

தண்ணீர் கொதிப்பதும் அப்படித்தான். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது கொதிக்காமல் காப்பது மூடியிலுள்ள அழுத்தம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஏற்றத்தில் கொதித்து வழியும். சில நூறு ரூபாய்ச் சாமான். என் வண்டி ஒருமுறை இரதெல்லைப் பக்கம் கொதித்தபோது ஒரு கராஜில், பெயர் வேண்டாம், காரணத்தைத் தேடாமல், இயந்திரம் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். “இனிமேல் சூடே ஏறாது” என்றார்கள். உண்மைதான், ஏறவில்லை. மார்கழிக் குளிரில் பாடசாலைவரை ஆறு கிலோமீற்றர் ஓடியும் சூட்டு முள் அசையாது. குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்தபடியே ஓட்டவேண்டி வந்தது. லீற்றருக்கு 13 கிலோமீற்றர் கொடுத்த வண்டி பத்துக்கு இறங்கியது. எட்டு மாதம் கழித்து மெக்கானிக் அண்ணன்தான் குழாயைக் கழற்றி வெற்றிடத்தைக் காட்டினார். வால்வைத் திரும்பப் போட்டு, மூடியை மாற்றினார். கொதிப்புக்குக் காரணம் அந்த மூடிதான். குளிர் ஊரில் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடக்கூடாது என்பதை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோட்டப் பாதையில் வேறொரு சிக்கல். இது முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. செங்குத்தான ஈரப் பாதையில் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் பாரம் பின்னுக்குச் சாய்ந்து முன் சக்கரம் பிடிமானம் இழக்கும். நின்ற இடத்திலேயே சுற்றும். எங்கள் பங்களாச் சந்தி மேட்டில் மழை நாளில் பின்னாலிருப்பவர்களை இறக்கிவிட்டு, அம்மாவை மட்டும் முன் ஆசனத்தில் வைத்து ஏறுவேன். மிகவும் மோசமான நாளில் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றியதும் உண்டு. அப்போது இழுக்கும் சக்கரம் பாரத்தின் பக்கம் இருக்கும். 12 அங்குலச் சக்கரம் சின்னது. கான் (வடிகால்) ஓரத்தில் ஒதுங்கும்போது யாராவது இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும். விழுந்தால் நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம், அவ்வளவு இலேசு. இரண்டு முறை அப்படித் தூக்கியிருக்கிறோம்.

இதே சுசுகியில் வேறு வண்டி வைத்திருப்பவர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் தங்கையிடம் ஆல்ட்டோ 800. அதே 796 சிசி அளவு, ஆனால் இன்ஜெக்ஷன். குளிரில் ஒரே திருப்பில் எழும்பும், சோக் தொல்லை இல்லை. இரண்டு பேரும் ஒரு பிள்ளையும் கொண்ட குடும்பத்துக்கு இன்று நான் முதலில் சொல்வது அதைத்தான். அதிபர் வைத்திருப்பது 660 சிசி வேகன் ஆர் ஹைபிரிட். கூரை உயரம், முழங்கால் வலிக்காரர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம், அம்மாவுக்கே அதில் போகப் பிடிக்கும். ஆனால் அது ஓட்டோமெட்டிக் என்பதால் பலர் இறக்கம் முழுவதும் டி-யில் விட்டு இறங்குகிறார்கள். எல் என்று குறித்த, தாழ்ந்த கியர் போல இழுத்துப் பிடிக்கும் நிலை இருப்பதே இந்த மாதிரி இறக்கத்துக்காகத்தான். கடைக்காரர் சித்தப்பாவிடம் எவ்ரி வேன். இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே, இழுப்பது பின் சக்கரம். பாரம் ஏற ஏற நன்றாக ஏறும். ஒடுங்கிய உயர வண்டி என்பதால் வளைவில் மட்டும் அவசரம் ஆகாது.

2022-ஐ எழுதாமல் விட முடியாது. நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு; ஜூலையில் க்யூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீடாக வாங்கும் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். பெரிய வாகனம் வைத்திருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். என் வண்டியின் பெற்றோல் தாங்கியே 28 லீற்றர்தான். கிளினிக், பாடசாலை, நோர்வூட் கடைத்தெரு எல்லாம் அந்த 20 லீற்றருக்குள் அடங்கியது. லயத்தில் இரண்டு பிரசவத்துக்கும் இரவில் இறக்கிவிட்டு வந்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது முன்பள்ளிக்குப் போகிறார்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை வானத்துக்கு ஏறியது. என் காருக்கே, நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு தருவதாக வீடு தேடி வந்து கேட்டார்கள். கொடுக்கவில்லை. இந்த விலையில் வாங்கப் போகிறவர்கள் ஏமாறக்கூடாது என்பதால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தமும் டோர்ச்சும் கொண்டு போங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. விரிப்பை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய், அவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று கையை வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து மூன்று பேரை அழைத்துப் போய் ஏற்றிக்கொண்டு, மேட்டின் நடுவில் நிறுத்திக் கைபிரேக் பிடிக்கிறதா, மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகுகிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நிற்கிறதா, சேஸி இலக்கம் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முற்பணம் கொடுக்குமுன் பாருங்கள். உதிரிப்பாகத்துக்குப் பயப்பட வேண்டாம். ஹட்டனில் கிடைக்காதது கண்டியில் கிடைக்கும், கண்டியில் இல்லாதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பிரேக் சாமான் மட்டும் பழையது வாங்காதீர்கள்.

மகளுக்கு இப்போது 21 வயது. சப்பாத்து நனைந்த அதே பிள்ளை. போன மாதம் பழகுநர் அனுமதி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கொழுந்து லொறி வராத நேரத்தில், மேற்பிரிவிலிருந்து கீழே இறங்கப் பழக்குகிறேன். இரண்டாம் கியரில் போட்டு, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொட்டு, சந்திவரை வரவேண்டும். ஏழு வளைவு. அம்மா முன் ஆசனத்தில்தான் உட்காருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொள்கிறார், நான் பின்னால். நேற்று ஐந்தாவது வளைவில் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அதைத் தானே எடுத்துவிட்டாள்.